மறு: லிங்க் அக்ரிகேஷன் – ‘இணைப்புக் கற்றை’, ‘உதிரி’

வணக்கம். பல நெட்வொர்க் கேபிள்களைச் சேர்த்து ஒரே இணைப்பாகப் பயன்படுத்தும் ‘லிங்க் அக்ரிகேஷ’னுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோமே, அதற்கான என் பதில் இது.

> ‘இணைப்புத் திரட்டல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே? நேர்ச்சொல்தானே.

எனக்கு உடன்பாடில்லை. திரட்டி என்றதும் வலைப்பதிவுத் திரட்டிதான் நினைவுக்கு வருகிறது. லினக்ஸில் இதற்கு வழங்கும் ‘பாண்டிங்’ என்ற பெயரை ஒட்டிப் ‘பிணைப்பு’ என்றாலும் இடிக்கிறது. நெட்வொர்க்கைப் பிணையம் என்கிறோம். அப்புறம் ‘பிணையப் பிணைப்பு’ என்று எழுத வேண்டிவரும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

என் பரிந்துரை ‘இணைப்புக் கற்றை’. வைக்கோல் கற்றை, ஒளிக்கற்றை என்று ஏற்கெனவே புழங்கும் சொல். பொருளும் பொருந்துகிறது. நான்கு 10 கிகாபிட் கேபிள்களைச் சேர்த்தாலும், ஒரே டிசிபி தொடர்பில் போகும் கோப்பு வழக்கமாக ஒரு கேபிள் வழியாகத்தான் போகும். கோப்பைத் துண்டுதுண்டாக்கி அனுப்பும் பாக்கெட்டுகளின் வரிசை குலையக்கூடாது என்பதற்காக. அந்தக் கோப்புக்கு வேகம் 10தான், 40 ஆகாது. இழைகளை முறுக்கி ஒன்றாக்கவில்லை, சேர்த்துப் பிடித்திருக்கிறோம். அதனால்தான் ‘வடம்’, ‘புரி’ இரண்டையும் விட்டேன்.

சரி, சர்வர் நெட்வொர்க்கிலிருந்து பூட் ஆகும் கட்டத்தில் இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. அப்போது இயங்குதளமே ஏறியிருக்காது. நெட்வொர்க் கார்டில் இருந்து பூட் செய்யவைக்கும் பிஎக்ஸ்இ நிரலுக்கு, கற்றை அமைக்க இரு முனைகளும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எல்ஏசிபி பெரும்பாலும் தெரியாது. கேபிளின் மறுமுனையில் இருக்கும் ஸ்விட்ச் எல்ஏசிபி பதிலுக்குக் காத்திருந்து, வராததால் பல சமயம் அந்தக் கேபிள் செருகிய போர்ட்டை நிறுத்திவைக்கும். சர்வர் டிஹெச்சிபி வழியே ஐபி முகவரி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடும். காரணம் புரியாமல் ஓர் இரவு முழுக்கக் கேபிளை மாற்றி மாற்றிச் செருகியிருக்கிறேன். எல்ஏசிபி பேசாத போர்ட்டைத் தனியாக இயங்கவிடும்படி ஸ்விட்சில் அமைத்தால் தீர்ந்தது. பிஎக்ஸ்இக்கு மாற்றான திறமூல நிரல் ஐபிஎக்ஸ்இ எல்ஏசிபிக்குப் பதில் சொல்லும்தான். ஆனால் கார்டில் அது இல்லாதபோது, அதை இறக்கவே முதலில் நெட்வொர்க் வேண்டுமே.

2000இல் 802.3ஏடி என்று வந்து, 2008இல் 802.1ஏஎக்ஸ் ஆன லிங்க் அக்ரிகேஷன் தரநிலையில் இப்படி நிற்கும் போர்ட்டை ‘இண்டிவிஜுவல்’ என்கிறார்கள். அதற்குப் போன மடலில் ‘தனியன்’ என்ற பரிந்துரை வந்தது. தனியன் கூட்டத்தைப் பிரிந்து திரியும் யானை. இந்தப் போர்ட் பிரிந்துபோனது அல்ல, இன்னும் சேராதது. எனவே ‘உதிரி’. உதிரிப்பூவை எப்போது வேண்டுமானாலும் தொடுத்துக்கொள்ளலாம். இயங்குதளத்தின் கெர்னல் ஏறிப் பாண்டிங் தொடங்கியதும் இந்த உதிரியும் கற்றையில் சேர்ந்துவிடுகிறது. ‘உதிரிபாகம்’ நினைவுக்கு வரலாம். ஆனால் மாற்றுக்கு வைத்திருக்கும் போர்ட்டை யாரும் உதிரி என்பதில்லை.

‘கற்றை அமையும்வரை போர்ட்டை உதிரியாக இயங்கவிடு.’ கையேட்டு மொழிபெயர்ப்பில் இந்த வரியைப் போட்டுப் பார்த்தேன், தனி விளக்கம் தேவைப்படவில்லை. இலங்கை நண்பர்கள் நெட்வொர்க்குக்கு நீங்கள் வழங்கும் ‘வலையமைப்பு’ என்ற சொல்லோடு சேர்த்து ஒருமுறை எழுதிப் பார்த்துச் சொல்லுங்கள்.