ஜெயித்த சர்ச்சிலை ஏன் தோற்கடித்தார்கள்?

நாகர்கோவில்காரன்:
1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது, ஜூலையில் பிரிட்டன் தேர்தலில் பிரதமர் சர்ச்சில் கட்சிக்குப் படுதோல்வி, தொழிற்கட்சிக்கு 393 இடம். போரை ஜெயித்துக் கொடுத்தவரை ஏன் இப்படி அனுப்பினார்கள்?

தக்கலை வாத்தியார்:
ஆள்மேல் வெறுப்பில்லை தம்பி, 1930களின் வேலையில்லாத் திண்டாட்டம் திரும்ப வந்துவிடுமோ என்ற பயம்தான். 1942இல் பெவரிட்ஜ் என்ற பொருளாதார அறிஞர் அரசுக்குக் கொடுத்த அறிக்கை நோய், முதுமை, வேலையிழப்பு எல்லாவற்றுக்கும் காப்பீடு என்றதும் ஜனம் அதைப் பிடித்துக்கொண்டது, தொழிற்கட்சித் தலைவர் அட்லி செய்வார் என்று நம்பியது. 1948 ஜூலை 5 முதல் இலவச மருத்துவம் வந்துவிட்டதே.

குளச்சல் கடற்காற்று:
சரி சார், ஆனால் வயிறு? போரின்போதுகூட ரேஷன் இல்லாத ரொட்டிக்கு 1946இல் ரேஷன் போட்டார்கள், இறைச்சி ரேஷன் 1954 வரை இழுத்தது. பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் என்றதும் அந்த மருத்துவத் திட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் பெவனே 1951இல் ராஜினாமா செய்தார்.

நாகர்கோவில்காரன்:
அதே வருஷம் சர்ச்சில் திரும்ப வந்தாரே, திட்டத்தைத் தொட்டாரா?

தக்கலை வாத்தியார்:
கலைக்கவில்லை. தொட்டால் ஓட்டு போகும்.