ஈபிஓ ஊசி: பிசிவி 50-ஐத் தாண்டாம இருந்தா பயமில்லையா?

அடையாறு ஓட்டம்:
ஜனவரி மாரத்தானுக்குத் தயாராகிற எங்க குழுவில் ஒருத்தர் ஈபிஓ (சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுற ஹார்மோன்) ஊசி போடச் சொல்றார். டயாலிசிஸ் நோயாளிக்கே கொடுக்கிற மருந்துதானே, பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுவோட சதவீதம்) 50-க்குள்ள இருந்தா ஒண்ணும் ஆகாதுங்கிறார். எல்லாருக்கும் ஹீமோகுளோபின் 14, 15 இருக்கு. அவர் சொல்றது சரியா?

டயாலிசிஸ் டெக்னீஷியன்:
சரியில்லை சார். அந்த 50 பாதுகாப்புக்காக மருத்துவர்கள் வகுத்த எல்லை இல்லை. ஈபிஓ-வை நேரடியாகக் கண்டுபிடிக்க வழி இல்லாத காலத்தில், 1997-ல் சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு ஆண் வீரர்களுக்கு வைத்த கோடு. சிறுநீர்ச் சோதனை 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் வந்தது.

நோயாளிகளுக்கே ஹீமோகுளோபின் 11-ஐ நெருங்கினா டோஸைக் குறைப்பாங்க, இல்லன்னா நிறுத்துவாங்க. 2006-ல் வெளியான ஆய்வில், 13.5-ஐக் குறிவைத்த சிறுநீரக நோயாளிகளுக்கு மரணம், மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தா, 11.3-ஐக் குறிவைத்தவர்களைவிட அதிகம். ஆரோக்கியமானவருக்கு அது அப்படியே பொருந்தாது, ஒப்புக்கறேன். அதுக்காக 15-ஐ 17-க்குத் தள்ளுறது பத்திரம்னு ஆகிடாது.

கூரியர்ல வர்ற ஊசி இன்னொரு தலைவலி. 2 முதல் 8 டிகிரியில் இருக்கணும், உறையக்கூடாது, குலுக்கக்கூடாது. சென்னை வெயில்ல டெலிவரி பைக் பெட்டியில கிடந்தா புரதம் கெடும். கெட்ட புரதம் எதிர்ப்பொருளைத் தூண்டலாம். அந்த எதிர்ப்பொருள் ஊசியை மட்டுமில்ல, உங்க சிறுநீரகம் சுரக்கிற ஈபிஓ-வையும் முடக்கும். எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தி நின்னு, ரத்தம் ஏத்திக்கிட்டே இருக்க வேண்டிய நிலை வரும். அபூர்வம்தான், ஆனா நடந்திருக்கு.

கோச் வேளச்சேரி:
காலையில் லேப்ல பிசிவி 49-னு வெச்சுக்குங்க. மீதி 51 பிளாஸ்மா, அதாவது ரத்தத்தோட திரவப் பகுதி. நம்ம ஊர் புழுக்கத்துல நீண்ட தூரம் ஓடி பிளாஸ்மா 10 சதவீதம் வத்தினா அது 46. இப்ப மொத்தம் 49-ம் 46-ம் சேர்ந்து 95. 49-ஐ 95-ஆல வகுங்க: 51.6 சதவீதம். ரிப்போர்ட்ல இருக்கிற எண் வேற, 30-வது கிலோமீட்டர்ல ரத்தக்குழாய்ல ஓடுறது வேற. கெட்டியான ரத்தத்தைத் தள்ள இதயம் கூடுதலா உழைக்கும், பிரஷர் ஏறும், உறைகட்டி உருவாக வாய்ப்பு கூடும்.

இதுல நாடா (தேசிய ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு) சோதனை, தடை எல்லாம் தனி. குழுவுல யாருக்காவது களைப்புன்னா ஃபெரிட்டினும் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பு) பி12-ம் பாருங்க, அது போதும்.

அடையாறு ஓட்டம்:
ஒருத்தர் ஏற்கெனவே சில வாரமா போட்டுட்டார். நிறுத்திட்டா சரியாகிடுமா? ரத்த தானம் பண்ணி குறைச்சுக்கறேங்கிறார்.

டயாலிசிஸ் டெக்னீஷியன்:
மருந்து சில நாள்ல போயிடும், அது உருவாக்கின சிவப்பணு சுமார் 120 நாள் இருக்கும். தானமெல்லாம் தானா பண்ண வேணாம். ரத்தம் எடுக்கணுமா, எவ்வளவு, திரவம் ஏத்தணுமா என்பதை டாக்டர்தான் முடிவு பண்ணணும். நாளைக்கே சிபிசி (ரத்த அணுக்கள் எண்ணிக்கைச் சோதனை), பிரஷர் பார்க்கச் சொல்லுங்க. அதுவரை நீண்ட ஓட்டம் வேண்டாம்.

ஒரு கால் ஆடுதசை மட்டும் வீங்கி வலிச்சா, மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா, பேச்சு குழறினா, உடனே 108. ஊசி போட்டதை டாக்டர்கிட்ட மறைக்க வேணாம். மறைச்சா, பிசிவி ஏன் இவ்வளவு ஏறியிருக்குன்னு அவங்க வேற வியாதியைத் தேடிக்கிட்டிருப்பாங்க.