ஏட்டிக்குப் போட்டி போலீஸ்: ‘பட்டி காப்’ படங்களுக்குத் தமிழில் ஒரு சொல்

கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம்.

ஒரு சொல் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் என் பிழைப்பு ஓடும்.

நான் சப்டைட்டில் எழுதுகிறவன் என்பது இங்கே பழையவர்களுக்குத் தெரியும். இப்போது கையில் இருப்பது ஹாலிவுட் சண்டைப் படங்களைப் பற்றிய ஓர் ஆவணப்படம். அதில் இருபது நிமிடம் ‘பட்டி காப்’ (buddy cop, அதாவது சேர்ந்து துப்பறியும் ‘நண்பர் போலீஸ்’) வகையைப் பற்றியே பேசுகிறார்கள். அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுப் பார்த்தேன். ஆட்டுப் பட்டிக்கு யாரோ காவல் இருப்பது போல இருக்கிறது. என் மனைவி பாலக்காட்டுக்காரர். திரையை எட்டிப் பார்த்துவிட்டு “நாய் போலீஸா?” என்றார். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். 1989இல் டாம் ஹாங்க்ஸ் எச்சில் ஒழுகும் நாய் ஒன்றோடு சேர்ந்து துப்பறிந்த ‘டர்னர் அண்ட் ஹூச்’சும் இந்த வகையில்தான் வருகிறது என்பதால் அவரை மறுக்கவும் முடியவில்லை.

இந்த வகையைப் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒத்தே போகாத இரண்டு பேரை ஒரே வழக்கில் பூட்டிவிடுவார்கள். 1987இல் வந்த ‘லீத்தல் வெப்பன்’ நல்ல உதாரணம். மர்டாக் என்பவர் ஐம்பதாவது பிறந்தநாள் கொண்டாடும் குடும்பஸ்தர், வீட்டுக்கு முழுசாகத் திரும்ப வேண்டும் என்பதுதான் அவர் கவலை. ரிக்ஸ் மனைவியைப் பறிகொடுத்தவன், உயிரோடு இருப்பதில் அக்கறை இல்லாதவன். இருவரும் படம் முழுக்கத் திட்டிக்கொள்கிறார்கள், நடுநடுவே லாஸ் ஏஞ்சலிஸை உடைக்கிறார்கள்.

‘காவல் நண்பர்’ என்று போடலாமா என்று யோசித்தேன். உடனே ‘காவல்துறை உங்கள் நண்பன்’ பலகை கண்முன் வந்தது. வேறு யாராவது சொல்லுங்கள்.

— சென்னை

*

வணக்கம். ஜோடி போலீஸ்? எளிமையாக இருக்கிறதே.

‘ஓவர் த டாப்’ என்றும் அந்த ஆவணப்படத்தில் வரும் அல்லவா? அதற்கு ‘ஓடிடி’ என்றே விட்டுவிடலாம், எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

— கோவை

*

கோவைத் தம்பி, அந்த ஓடிடி வேறு, இந்த ஓவர் வேறு. அது வீட்டுக்குள் படம் வருகிற வழி. இது “ரொம்ப ஓவரா இருக்கு” என்று நாம் சொல்கிற ஓவர். இதற்கு ‘மிகை’ போதும். மிகைச் சண்டை, மிகை நகைச்சுவை. ஓர் உறுப்பினர் எனக்குத் தனிமடலில் ‘உயர்வுநவிற்சிச் சண்டைப்படம்’ என்று அனுப்பியிருக்கிறார். அவருக்கு என் வணக்கம், ஆனால் அந்தச் சொல் திரையில் ஓடி முடிப்பதற்குள் நான்கு கார் வெடித்துவிடும்.

ஜோடி பற்றி: நம் சினிமாச் செய்திகளில் ஜோடி என்றால் கதாநாயகனும் கதாநாயகியும்தான். ‘ஜோடி போலீஸ்’ என்றால் பாட்டு எந்த ஊரில் எடுத்தார்கள் என்று கேட்பார்கள்.

— சென்னை

*

ஐயா, வணக்கம். நான் முப்பது வருஷத்துக்கு மேல் காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இழையில் நாலு விஷயம் சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

‘இணைக் காவலர்’ என்று யாராவது சொல்வதற்கு முன்னால் தடுத்துவிடுகிறேன். எங்கள் துறையில் இணை ஆணையர், துணை ஆணையர், உதவி ஆணையர் எல்லாம் பதவி. இணை என்று எழுதினால் சம்பள விகிதம் என்ன என்றுதான் எங்கள் ஆட்கள் கேட்பார்கள். துணை என்றால் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. ‘கூட்டாளி’யும் கூடாது. பேப்பரில் ‘ரவுடியும் கூட்டாளிகள் மூவரும் கைது’ என்றுதான் அந்தச் சொல் வரும். ‘இரட்டைக் காவலர்’ என்றால் இரட்டை வேடம், ஒரே நடிகர் இரண்டு தொப்பி.

அமெரிக்கப் படத்தில் வருவது போல ஆளுக்கொரு ‘பார்ட்னர்’ என்ற ஏற்பாட்டை நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. ரோந்துக்கு இரண்டு பேராகப் போவோம். இன்றைக்கு என்னோடு வந்தவர் நாளைக்குப் பாரா டியூட்டியில் நிற்பார். ஏற்பாடே இல்லாததால் சொல்லும் இல்லை.

இன்னொன்று. அந்தப் படங்களில் சுட்டுத் தள்ளுகிறார்களே, அதற்கெல்லாம் யார் கணக்கு எழுதுவது? ஒரு தோட்டா குறைந்தாலே எங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதி மாளாது.

— மதுரை

*

மதுரை ஐயா கேட்ட கேள்வியைக் கேட்ட படமே ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் எடுத்த ‘ஹாட் ஃபஸ்’, 2007. கடைசியில் ஊரையே போர்க்களம் ஆக்கிவிட்டு, ஸ்டேஷனில் எல்லாரும் உட்கார்ந்து படிவம் நிரப்புவார்கள்.

கூட்டாளி என்றால் எங்களுக்குச் சிநேகிதன்தான், கைதி இல்லை. அதே போல ‘சோடி’ என்றால் எங்கள் பக்கம் ஒரு சோடி செருப்பு, ஒரு சோடி மாடு. காதல் கட்டாயம் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் விளங்காது என்றால் நான் அடம்பிடிக்கவில்லை.

எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, இருவருமே பொலிஸ் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இந்த வகையை ஓட விட்ட படம் என்று பலரும் சொல்லும் ‘48 ஹவர்ஸ்’ (1982) படத்தில் நிக் நோல்டி மட்டும்தான் பொலிஸ். எடி மர்பி சிறையில் இருந்து இரண்டே நாள் தவணையில் வெளியே வந்த கைதி. இரண்டாவது, ‘சகோதரர்’, ‘தோழன்’ என்றெல்லாம் போனால் 2013இல் வந்த ‘த ஹீட்’டை எங்கே வைப்பீர்கள்? அதில் இருவரும் பெண்கள். சாண்ட்ரா புல்லக் எஃப்பிஐ, மெலிசா மெக்கார்த்தி பொஸ்டன் நகரப் பொலிஸ்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ரஷ் ஹவர்’ (1998). ஹொங்கொங்கில் இருந்து வந்த ஜாக்கி சானுக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துக்கொண்டு கிறிஸ் டக்கர் உரக்க, மெல்ல, சொல் சொல்லாகக் கத்துவார். ஜாக்கி சான் எல்லாம் விளங்கிக்கொண்டே பேசாமல் இருப்பார். இங்கே வந்த புதிதில் எங்களில் எத்தனை பேருக்கு அது நடந்தது! முதல் தடவை பார்த்தபோது என் அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவருக்கு உண்மையிலேயே ஆங்கிலம் தெரியாது.

— ரொறன்ரோ

*

அன்பர்களே, தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று.

எல்லாரும் சேர்ந்திருப்பதற்குச் சொல் தேடுகிறீர்கள். நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் அங்கே முக்கியம் முரண். யாப்பில் முரண்தொடை உண்டு. சொல்லாலோ பொருளாலோ ஒன்றுக்கொன்று மாறுபட்டவற்றை எதிரெதிரே நிறுத்தித் தொடுப்பது. மாறுபாடுதான் அங்கே தொடுக்கும் நூல். ஆகவே ‘முரணிணை’. ‘முரணிணைக் காவலர் படம்’. ‘இணை’ முன்னால் வராததால் மதுரை ஐயாவின் பதவிச் சிக்கலும் இல்லை. ஒருவர் கைதியாக இருந்தால் ‘முரணிணைப் படம்’ என்று சுருக்கிக்கொள்ளுங்கள்.

— தஞ்சாவூர்

*

தஞ்சாவூர் ஐயா, அழகு. கலைச்சொல் பட்டியலில் ‘முரணிணை’யைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம். முரண்தொடை என்று நீங்கள் சொன்னதும் எனக்கு இந்தப் படங்கள் ஏன் பிடிக்கின்றன என்பதே கொஞ்சம் தெளிந்தது. வேலையை விட்டுவிட்டு அதை எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் படங்களில் வெகுகாலம் சண்டை ஒரு பக்கம், காமெடி டிராக் ஒரு பக்கம். கதாநாயகன் அடிப்பார், சிரிக்க வைக்க வேறு ஆள் வருவார். போலீஸ் படம் என்றால் பெரும்பாலும் ஒற்றை ஆள், விறைப்பான மீசை. ‘தங்கப்பதக்கம்’ (1974) முதல் ‘சிங்கம்’ (2010) வரை அந்த விறைப்புக்குக் குறைவில்லை. இந்த வகையிலோ அடிப்பவர்களே அடித்துக்கொண்டே வாயாடுவார்கள். ‘கரகாட்டக்காரன்’ படத்தில் ஒரு வாழைப்பழத்துக்காக கவுண்டமணியும் செந்திலும் போட்ட சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஓடுகிற காருக்குள் வையுங்கள். பின்னால் இருந்து பத்துப் பேர் சுடட்டும். இன்னொரு பழம் எங்கே என்ற கேள்வியை மட்டும் யாரும் விடக்கூடாது. அவ்வளவுதான் இந்த வகை. ஒரு வித்தியாசம், கவுண்டமணி செந்திலை உதைக்கலாம், செந்தில் திருப்பி உதைக்க முடியாது. இங்கே இருவருக்கும் கையில் துப்பாக்கி இருக்கிறது.

அப்புறம் அந்த மிகை. அது வெறும் காசைக் கரியாக்குவது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். ‘லீத்தல் வெப்பன் 2’ (1989) பார்த்தவர்களுக்கு அந்தக் கழிப்பறைக் காட்சி மறந்திருக்காது. மர்டாக் உட்கார்ந்திருக்கும் கோப்பைக்கு அடியில் வெடிகுண்டு. எழுந்தால் வெடிக்கும். எல்லாரையும் வெளியே அனுப்பிய பிறகும் ரிக்ஸ் போகவில்லை. இருவரும் சேர்ந்து பக்கத்துக் குளியல் தொட்டிக்குள் பாய்வதுதான் திட்டம். அந்தச் சில நொடிகளில் இரண்டு ஆண்கள் ஒருவருக்கொருவர் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஆனால் வாய் வரவில்லை. இழுத்து மழுப்புகிறார்கள். அப்புறம் பாய்கிறார்கள், வீடு அதிர்கிறது, கோப்பை வெளியே பறக்கிறது. என்னைக் கேட்டால் “நீ இல்லாமல் எனக்கு ஆகாது” என்ற வசனத்தை அந்தக் குண்டு பேசிவிட்டது. பிரியம் எவ்வளவு சொல்லாமல் அடைபட்டிருக்கிறதோ அவ்வளவு பெரிதாக வெடிக்க வேண்டியிருக்கிறது. எனக்கும் என் அண்ணனுக்கும் நடுவே நாற்பது வருஷமாக இதே நிலைமைதான், வெடிகுண்டு வாங்க வசதி இல்லை.

‘பேட் பாய்ஸ் 2’ (2003) வந்தபோது விமரிசகர்கள் கிழித்தார்கள். ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், மயாமி நெடுஞ்சாலையில் கார் ஏற்றிச் செல்லும் லாரியில் இருந்து ஒவ்வொரு காராக உருட்டி விடுவார்கள், அது போதாது என்று கடைசியில் கியூபாவுக்குப் போய் ஒரு மலைச்சரிவுக் குடிசைகளையும் விட மாட்டார்கள். கிழித்தது நியாயம்தான். குடிசைகள் சரிகிற காட்சியில் இன்றைக்கு எனக்கும் சிரிப்பு வருவதில்லை. ஆனால் நடுவில் கடையில் ஓடும் கேமரா தெரியாமல் வில் ஸ்மித்தும் மார்ட்டின் லாரன்ஸும் தங்கள் மனக்குறையை அந்தரங்கமாகப் பேச, கடையில் இருக்கும் அத்தனை பேரும் திரையில் பார்த்துத் தப்பாகப் புரிந்துகொள்வார்களே, அங்கே இன்னும் சிரிக்கிறேன்.

ரொறன்ரோ அக்கா சொன்ன ‘ஹாட் ஃபஸ்’ மிகை மீதான இந்த ஆசையைத்தான் பிடித்தது. லண்டனில் கடமை தவறாத அதிகாரி ஏஞ்சல், ரொம்ப நன்றாக வேலை செய்கிறான் என்பதற்காகவே கிராமத்துக்குத் தூக்கியடிக்கப்படுகிறான். அங்கே வழக்கு என்றால் காணாமல் போன அன்னப்பறவை. கூட வரும் டேனி படம் பார்த்தே போலீஸ் ஆனவன். காற்றில் பாய்ந்துகொண்டே இரண்டு துப்பாக்கியால் சுட்டிருக்கிறீர்களா என்று கேட்பான். இல்லை என்பான் ஏஞ்சல். ராத்திரி இருவரும் உட்கார்ந்து ‘பேட் பாய்ஸ் 2’ பார்க்கிறார்கள். கடைசி அரை மணியில் டேனி கேட்டதெல்லாம் நடக்கிறது. பாதிரியார் அங்கிக் கைக்குள் இருந்து துப்பாக்கி எடுக்கிறார். கேலியும் பக்தியும் ஒன்றாகச் சேர்ந்த படம். எதிர்ப்பக்கம் ‘த அதர் கைஸ்’ (2010) இருக்கிறது. ஊரே கொண்டாடும் இரண்டு சூரப்புலிகள் கட்டட உச்சியில் இருந்து “புதரைக் குறிவை” என்று குதிக்கிறார்கள். கீழே புதர் இல்லை. செத்துப்போகிறார்கள். அதற்குப் பிறகுதான் மேஜை வேலை பார்க்கும் இருவரின் கதை தொடங்குகிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். முரணிணை கட்டுரைக்கு நல்லது. ஆனால் சப்டைட்டிலில் ஒரு வரிக்கு எனக்குக் கொடுத்திருப்பது 42 எழுத்து, அது திரையில் நிற்பது இரண்டு மூன்று நொடி. முதல் தடவை பார்க்கிறவர் ‘முரணிணை’யைப் பிரித்துப் புரிந்துகொள்வதற்குள் அடுத்த வரி வந்துவிடும். வழக்கில் இருக்கிற சண்டைக்காரச் சொல் ஏதாவது கிடைக்குமா? ‘கீரியும் பாம்பும்’ யோசித்தேன், அதில் கடைசி வரை பகைதான்.

— சென்னை

*

ஐயா, நீங்கள் இவ்வளவு எழுதியதைப் படித்ததும் என் ஏட்டு நாட்கள் ஞாபகம் வந்தன. எங்கள் ஸ்டேஷனில் இரண்டு ஏட்டு. நான் கிழக்கே போகலாம் என்றால் அவர் மேற்கே என்பார். டீக்கடையில் நான் டீ என்றால் அவர் காபி. இன்ஸ்பெக்டர் எங்களை வேண்டுமென்றே ஒன்றாக அனுப்புவார், ‘ஏட்டுக்குப் போட்டி ஏட்டு’ என்று கிண்டல் வேறு. அவர் மகள் கல்யாணத்துக்குப் பந்தியில் நின்று பரிமாறியவன் நான்தான்.

ஏட்டிக்குப் போட்டி என்று நம் வழக்கில் இருக்கிறதே, அதையே வைத்தால் என்ன? ‘ஏட்டிக்குப் போட்டி போலீஸ்’. பகை இல்லை, விட்டுக்கொடுக்காத பிடிவாதம். ஏட்டு என்பதும் உள்ளே ஒளிந்திருக்கிறது.

— மதுரை

*

ஐயா, காலில் விழுகிறேன். ஆண், பெண், நாய் எல்லாருக்கும் பொருந்துகிறது. எடி மர்பிக்கும்கூட, போலீஸுக்கு ஏட்டிக்குப் போட்டியாக ஒருவன் இருந்தால் போதும். பட்டியலில் ‘முரணிணைப் படம்’, திரையில் ‘ஏட்டிக்குப் போட்டி போலீஸ்’. யாருக்காவது மறுப்பு உண்டா?

— சென்னை

*

மறுப்பு இல்லை, சோடிக்கு மட்டும் ஒரு நிமிட மௌன அஞ்சலி.

— ரொறன்ரோ

*

‘போலீஸ்’ என்ற பிறமொழிச் சொல்லைக் கலைச்சொல் குழுமத்திலேயே வைப்பது எனக்கு உவப்பில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். வைத்தே தீருவது என்றால் ஒற்று மிகும்: ‘ஏட்டிக்குப் போட்டிப் போலீஸ்’.

— தஞ்சாவூர்

*

ஐயா, அந்த வரியில் ஏற்கெனவே 42 எழுத்து ஆகிவிட்டது. ‘ப்’புக்கு இடமில்லை.

— சென்னை

*

அப்படியானால் முற்றுப்புள்ளியை எடுத்துவிடுங்கள்.

— தஞ்சாவூர்