இளஞ்சிவப்பு கடல் முள்ளெலி: வெளிச்சமே இல்லாத ஆழத்தில் எதைத் தின்று வாழ்கிறது?

ஆழ்நீர்ப்பித்தன்:
கலிஃபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில், ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த வீடியோ ஒன்று பார்த்தேன். வெறும் சேற்றுத் தரை, அதில் மங்கிய இளஞ்சிவப்பு நிறத்தில் கடல் முள்ளெலிகள் (உடம்பெல்லாம் முள் நிறைந்த, ஓடுள்ள உருண்டை உயிரிகள்) கூட்டம் கூட்டமாக, ஒரு பழுப்புப் பாசி இலையின் மேல் மட்டும் ஏழெட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. பெயர் ஸ்ட்ராங்கைலோசென்ட்ரோட்டஸ் ஃப்ராஜிலிஸ் என்று போட்டிருந்தது. அவ்வளவு ஆழத்தில் பாசி வளராதே, அது எப்படி அங்கே வந்தது? இந்த இனம் எங்கெல்லாம் இருக்கிறது? ஒரு இடத்தில் 100 மீட்டர் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 1,200 மீட்டர் என்கிறார்கள், எது சரி?

கடலோடி77:
இரண்டுமே சரி. கனடாவின் வான்கூவர் தீவுப் பக்கத்தில் தொடங்கி மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா வரை, கண்டச்சரிவு (கரையோரக் கடலடி ஆழ்கடலை நோக்கிச் சரிந்து இறங்கும் பகுதி) நெடுக இருக்கிறது. 100 மீட்டர் சுமாரில் ஆரம்பித்து ஆயிரத்தைத் தாண்டியும் போகும். சேறும் ஆகும், பாறையும் ஆகும். ஓடு ரொம்ப மெல்லியது, இழுவலையில் வந்தால் பாதி நொறுங்கியே வரும், ஃப்ராஜிலிஸ் என்ற பெயருக்கு ஏற்ற மாதிரி.

பாசி விஷயம்: நீங்கள் பார்த்தது கெல்ப், கரையோரத்தில் காடு மாதிரி வளரும் பெரிய பழுப்புப் பாசி. கரையோரக் கெல்ப் காடுகளை குளிர்காலப் புயல் பிய்த்துப் போடும்போது கொஞ்சம் கரை ஒதுங்கும், கொஞ்சம் அடியில் சரிந்து ஆழத்துக்குப் போய்விடும். மான்டரேயில் கடலடிப் பள்ளத்தாக்கின் வாய் மாஸ் லேண்டிங் கரையை ஒட்டியே திறந்திருப்பதால் சறுக்கிக்கொண்டு போக வழி சுலபம். கீழே இது பெரிய விருந்து, வாசனை பிடித்து முள்ளெலிகள் நாலாபக்கமிருந்தும் ஊர்ந்து வரும்.

சேற்றுநண்டு:
அந்த வாசனையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மான்டரே வளைகுடா ஆய்வு நிறுவனத்தார் சுமார் 900 மீட்டர் ஆழத்திலேயே ஒரு சோதனை செய்தார்கள். கடல்நீரில் கார்பன் டையாக்சைடைக் கூட்டி அமிலத்தன்மையை ஏற்றிய ஒரு கால்வாயில் இதே முள்ளெலிகளை விட்டு, மறுமுனையில் கெல்ப் வைத்தார்கள். நடக்கும் வேகம் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் உணவைக் கண்டுபிடிக்கப் பல மடங்கு நேரம் ஆனது. கால் ஓய்ந்ததால் அல்ல, மோப்பம் குழம்பியதால் என்றுதான் எனக்குப் படுகிறது. எப்போதாவது ஒரு முறை வந்து விழும் சாப்பாட்டை நம்பி வாழும் உயிருக்கு அது சாதாரண நஷ்டமா?

ஆழ்நீர்ப்பித்தன்:
நன்றி. அப்படியானால் ஆழத்துக்கு எல்லை போடுவது உணவா, ஆக்சிஜனா?

கண்டச்சரிவு:
ரெண்டும்தான், ஆனால் ஆக்சிஜனை மறந்துவிட்டுப் பரவல் வரைபடம் போட முடியாது. அந்தக் கடலில் சில நூறு மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் மிகக் குறைந்த ஒரு அடுக்கு இருக்கிறது, அங்கே அமிலத்தன்மையும் அதிகம். ஃப்ராஜிலிஸ் அதைத் தாங்கும். தாங்கும் என்பதால் செழிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம், அந்த அடுக்கில் பிடித்தவற்றின் ஓடு இன்னும் பலவீனம், இனப்பெருக்கச் சுரப்பியும் சிறியது.

தெற்குக் கலிஃபோர்னியாவில் 1994 முதல் 2013 வரை எடுத்த இழுவலைக் கணக்கை அலசியபோது, மேல் 500 மீட்டருக்குள் ஃப்ராஜிலிஸின் அடர்த்தி கூடியிருந்தது. அதே காலத்தில் ஆழம் குறைந்த இடத்து லைட்டெகைனஸ் பிக்டஸ் என்ற வெள்ளை முள்ளெலி, 200 மீட்டருக்குள் எண்ணிக்கை குறைந்து இன்னும் மேலே ஒதுங்கிவிட்டது. ஆக்சிஜன் குறைந்த நீர் மேல்நோக்கி ஏற ஏற, ஒன்றுக்கு இடம் விரிகிறது, இன்னொன்றுக்குச் சுருங்குகிறது. எல் நினோவுக்கும் (பசிபிக் கடல் சில வருஷங்களில் வழக்கத்தைவிடச் சூடாவது) இதில் பங்கு உண்டு, ஆக்சிஜன் அளவு வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கும். அதனால் தம்பி, ஆழம் குறிக்கும்போது எந்த இடம், எந்த வருஷம் என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வெறும் "100 முதல் 1,200" என்று போட்டால் பாதி கதை போய்விடும்.

சேற்றுநண்டு:
இன்னொன்று. வீடியோவில் சேற்றில் கோடு கோடாகத் தடம் இருந்தால், உடனே ஃப்ராஜிலிஸ் கணக்கில் சேர்க்காதீர்கள். பிரிசாப்சிஸ், பிரிசாஸ்டர் மாதிரி சேற்றுக்குள் புதைந்து நகரும் முள்ளெலிகளும் அதே சரிவில்தான் இருக்கின்றன. ஃப்ராஜிலிஸ் தரைக்கு மேலேயே நடமாடும்.