மூணாவது தெரு மாடித்தோட்டம்: அடினியம் நாத்து

2 மார்ச்

தேவி (7:10): அடினியம் (பாலைவன ரோஜா) விதை 40 வந்துருக்கு. கோகோபித் (தேங்காய் நார்த்தூள்) மட்டும் போதுமா, மணல் சேக்கணுமா? 98 குழி ட்ரேல போட்டுரலாமா?

சிவா அண்ணா நர்சரி (7:22): 98 குழி தக்காளி, மிளகாய்க்குச் சரி. அடினியத்துக்கு வேண்டாம். அந்தக் குழி கீழ போகப்போக ஒடுங்கும். ஒரு மாசத்துல அடிக்கிழங்கு குழியை அடைச்சுக்கும், எடுக்கறப்ப வேர் அறும். மூடி போட்ட ஸ்வீட் பாக்ஸ், 3 அங்குல உயரம், ரெண்டு எடுங்க. கம்பியைக் காய்ச்சி அடியில பாக்ஸுக்கு 12 ஓட்டை.

சிவா அண்ணா நர்சரி (7:25): கலவை ஒரே டம்ளர்ல அளங்க. கோகோபித் 2, பெர்லைட் (லேசான வெள்ளைக் கல்பொரி) 2, கழுவுன மணல் 1, சலிச்ச மண்புழு உரம் அரை. அதுக்கு மேல மண்புழு உரம் போகக்கூடாது.

மல்லிகா அக்கா (7:31): பெர்லைட் விக்கிற வெலைக்கு செங்கலே போதும் தேவி. பழைய நாட்டுச்செங்கல் உடைச்சு, டீ வடிகட்டில சலிச்சு தூளைத் தள்ளிட்டு மிளகு சைஸ் மட்டும் எடுத்துக்க.

சிவா அண்ணா நர்சரி (7:33): செங்கல் ஓகே. ஆனா எம் சாண்டை அப்படியே கொட்டிராதீங்க. அதுல இருக்கற கல்தூள் தண்ணி ஊத்த ஊத்த கீழ எறங்கி சிமெண்டாட்டம் ஓட்டையை அடைக்கும். அலசுனா தண்ணி தெளிவா வரணும், அதுவரைக்கும் அலசுங்க.

ஜெயந்தி டீச்சர் (7:48): எல்லாரும் கோகோபித்தை மறந்துட்டீங்க. பொள்ளாச்சி கட்டி எல்லாமே கழுவுனதுன்னு நம்ப முடியாது. நார்த்தூள்ல சோடியமும் பொட்டாசியமும் ஒட்டிட்டு இருக்கும். வெறும் தண்ணில அலசுனா கரைஞ்ச உப்பு மட்டும்தான் போகும். தூளைப் பிடிச்சிட்டு இருக்கற சோடியம் போகாது. அதைத் தள்ள கால்சியம் வேணும்.

தேவி (7:50): எவ்ளோ டீச்சர்?

ஜெயந்தி டீச்சர் (7:55): 650 கிராம் கட்டியை ஊற வச்சு, முதல்ல ரெண்டு தடவை அலசு. டிகாக்‌ஷன் கலர் வெளுத்துரும். அப்புறம் கால்சியம் நைட்ரேட் 12 கிராம் ஒரு பக்கெட் தண்ணில கரைச்சு, தூள் முழுகற மாதிரி ராத்திரி பூரா விடு. காலைல பிழிஞ்சு இன்னொரு தடவை நல்லதண்ணில அலசிரு. இதைப் பண்ணலைன்னா நாளைக்கு நீ போடற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் முதல்ல தூளே தின்னுரும், செடிக்கு மிச்சம்தான்.

மல்லிகா அக்கா (7:57): இட்லிக்கு ஊற வைக்கறதை விட பெரிய வேலையா இருக்கே 😄

சிவா அண்ணா நர்சரி (8:02): விதை விஷயம். ரெண்டு முனையிலயும் பஞ்சு இருக்கும், கிள்ளி எடுத்துருங்க. ஈரத்துல அதுலதான் முதல்ல பூசணம் பூக்கும். விரல்ல அமுக்கிப் பாருங்க, தட்டையா அமுங்குனா பதர். சாஃப் பூஞ்சை மருந்து 1 கிராம் ஒரு லிட்டர்ல கரைச்சு அதுல 2 மணி நேரம் ஊற வைங்க, அதுக்கு மேல வேண்டாம். படுக்க வச்சு 2 செ.மீ. இடைவெளி விட்டு, மேல அரை செ.மீ. கலவை. குத்தி நட வேண்டாம், எந்தப் பக்கம் வேர் வரும்னு யூகிக்கத் தேவையில்ல, படுக்கப் போட்டா அதுவே திரும்பிக்கும்.

தேவி (8:05): பாக்ஸை மூடியே வைக்கணுமா?

சிவா அண்ணா நர்சரி (8:07): முளைக்கற வரைக்கும் மட்டும். வெளிச்சமான நிழல்ல. மூடி போட்ட டப்பாவை மார்ச் வெயில்ல வச்சா விதை வெந்துரும். 28லிருந்து 32 டிகிரில புது விதை 3 நாள்லயே தலை தூக்கும், ஒரு வாரத்துல பாதிக்கு மேல வந்துரணும். டிசம்பர், ஜனவரில போட்டா நம்மூர் ராத்திரிக் குளுருக்கு இழுத்துட்டே போகும், அழுகவும் செய்யும். இப்ப போடறது நல்ல நேரம்.

8 மார்ச்

தேவி (6:41): 31 வந்துருச்சு. மூடியை எடுத்துட்டேன். நாலுக்கு தலைல விதைத்தோல் தொப்பி மாதிரி மாட்டிட்டு இருக்கு.

ஜெயந்தி டீச்சர் (6:50): இழுத்துராத. ஸ்ப்ரேயர்ல ஒரு சொட்டு நனைச்சு அரை மணி நேரம் கழிச்சு, ஈரப்பஞ்சுல மெதுவா தள்ளு. வரலைன்னா விட்டுரு. வித்திலை கிழிஞ்சா அந்த நாத்து ஒரு மாசம் பின்தங்கும். முதல் மூணு வாரச் சாப்பாடு அந்தக் குண்டு இலைலதான் இருக்கு.

மல்லிகா அக்கா (6:58): பஞ்சகவ்யா 3 சதம் கொடுக்க ஆரம்பிக்கலாமே?

ஜெயந்தி டீச்சர் (7:03): இப்ப எதுவுமே வேண்டாம் மல்லிகா. சொன்னேன்ல, சாப்பாடு கூடவே இருக்கு. வேர் முடி மாதிரி இருக்கு, உப்பு பட்டா நுனி கருகும்.

சிவா அண்ணா நர்சரி (7:10): வெயில் மட்டும் கொடுங்க. காலை வெயில் 2 மணி நேரம், ஒரு வாரம். அப்புறம் 50 சதம் நிழல் தர்ற பச்சை வலைக்குக் கீழ. வெளிச்சம் கொறைஞ்சா நெடுநெடுன்னு வளந்து அடி பெருக்காது. பின்னாடி எந்த உரமும் அதைச் சரி பண்ணாது.

13 மார்ச்

தேவி (17:20): மூணு நாத்து சாஞ்சுருச்சு. மண்ணு மட்டத்துல தண்டு நூல் மாதிரி சுருங்கியிருக்கு. பக்கத்துல ஒண்ணு பளபளன்னு நனைஞ்ச மாதிரி தெரியுது.

சிவா அண்ணா நர்சரி (17:24): நாத்தழுகல். நாலையும் சுத்தியிருக்கற கலவையோட ஸ்பூன்ல தோண்டி குப்பைல போடுங்க, கம்போஸ்ட்ல இல்ல. தண்ணி நிறுத்துங்க. எப்படி ஊத்துறீங்க?

தேவி (17:25): தினமும் சாயங்காலம் ஸ்ப்ரே.

சிவா அண்ணா நர்சரி (17:29): அதான். ராத்திரி பூரா மேல் மண்ணு நனைஞ்சே இருக்கு, அடி காஞ்சு கெடக்கு. பூஞ்சைக்கு மேல்தான் வேணும், வேருக்கு அடிதான் வேணும். இனிமே காலைல தட்டுல ஒரு அங்குலம் தண்ணி, பாக்ஸை அதுல 10 நிமிஷம் வைங்க, மேல் கொஞ்சம் கருத்ததும் எடுத்துருங்க. மேல் அரை அங்குலம் காய்ஞ்சாத்தான் மறுபடி. பாக்ஸைத் தூக்கிப் பாத்தாலே கனம் தெரியும்.

தேவி (17:31): வீட்ல பாவிஸ்டின் இருக்கு. ஊத்தலாமா?

ஜெயந்தி டீச்சர் (17:38): அது கார்பன்டசிம் மட்டும் இருக்கற பூஞ்சை மருந்து. நாத்தழுகல் ரெண்டு வகைல வரும். ரைசோக்டோனியாங்கற பூஞ்சைன்னா கார்பன்டசிம் கேக்கும். பித்தியம்னா கேக்காது, அது அசல் பூஞ்சை இனமே இல்ல, நீர்ப்பூஞ்சை. கண்ணால பாத்து ரெண்டையும் பிரிக்க முடியாது. அதனால காப்பர் ஆக்சிகுளோரைடு 2.5 கிராம் ஒரு லிட்டர்ல கரைச்சு மண்ணு நனையற மாதிரி ஒரு தடவை ஊத்து. கையுறை போட்டுக்க.

மல்லிகா அக்கா (17:44): நல்லது பண்ற பூஞ்சை, டிரைக்கோடெர்மா விரிடி, வேளாண் பல்கலைலயே கிடைக்குமே, அதைப் போட்டா என்ன?

ஜெயந்தி டீச்சர் (17:49): அது வர்றதுக்கு முன்னாடி போட வேண்டியது. வந்ததுக்கு அப்புறம் மருந்துதான். ரெண்டையும் ஒண்ணா போட்டா மருந்து டிரைக்கோடெர்மாவையும் கொன்னுரும். 15 நாள் விட்டுப் போடலாம்.

4 ஏப்ரல்

தேவி (6:30): 26 நாத்து நிக்குது. ரெண்டு ஜோடி இலை வந்துருச்சு. இப்ப உரம் ஆரம்பிக்கலாம்ல? ஆல் 19 (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் 19 சதம்) ஒரு கிலோ பாக்கெட் இருக்கு. பாக்கெட்ல லிட்டருக்கு 5 கிராம்னு போட்டுருக்கு.

சிவா அண்ணா நர்சரி (6:36): அது வயல்ல வளந்த பயிருக்கு இலை வழியா அடிக்கற அளவு. நாத்துக்கு லிட்டருக்கு அரை கிராம். பத்துல ஒரு பங்கு.

தேவி (6:37): வீட்டுத் தராசு 1 கிராமுக்குக் கீழ காட்டாதுண்ணா.

ஜெயந்தி டீச்சர் (6:45): தாய்க்கரைசல் போட்டுக்க. 10 கிராம் எடை போட்டு 1 லிட்டர் தண்ணில கரைச்சு பாட்டில்ல வை. அதுல 50 மில்லி எடுத்து தண்ணி சேத்து 1 லிட்டராக்கினா, அரை கிராம் வந்துருச்சு. இருமல் மருந்து மூடில 10 மில்லி கோடு இருக்கும், அஞ்சு மூடி. பாட்டிலை இருட்டுல வை, பாசி பிடிக்கும். ஒரு வாரத்துக்கு மேல வச்சுக்காத.

தேவி (6:47): அரை கிராம்ல என்னதான் இருக்கும்?

ஜெயந்தி டீச்சர் (6:53): 19 சதம் தழைச்சத்து. அரை கிராம்னா 95 மில்லிகிராம் ஒரு லிட்டர்ல. நாத்துக்கு அது தாராளம். பாக்கெட் பின்னாடி பாரு, அந்த 19ல பாதிக்கு மேல யூரியா வடிவத்துல இருக்கும். யூரியாவை மண்ணுல இருக்கற நுண்ணுயிர்தான் உடைச்சு அம்மோனியமாவும் நைட்ரேட்டாவும் மாத்தணும். வெறும் கோகோபித், பெர்லைட்ல அதுங்க கம்மி. சிவா அரை டம்ளர் மண்புழு உரம் சேக்கச் சொன்னதுக்கு அதுவும் ஒரு காரணம்.

மல்லிகா அக்கா (6:55): ஆக இயற்கை இல்லாம உங்க ஆல் 19ம் வேலை செய்யாது. ஒத்துக்கிட்டீங்கல்ல 😌

ஜெயந்தி டீச்சர் (6:56): அரை டம்ளர் ஒத்துக்கிட்டேன்.

சிவா அண்ணா நர்சரி (7:02): முறை சொல்றேன். காஞ்ச கலவைல உரத்தண்ணி ஊத்தாதீங்க. முதல் நாள் சாதா தண்ணி, மறுநாள் காலைல உரம். அடி ஓட்டைல கொஞ்சம் ஒழுகற வரைக்கும் மேலிருந்து ஊத்தணும். தட்டுல வச்சு உறிஞ்ச விடறது உரத்துக்கு ஆகாது, உப்பு மேல ஏறி உக்காந்துரும். 10 நாளைக்கு ஒருக்கா. மூணாவது தடவைக்கு உரம் கிடையாது, பாக்ஸ் அளவுக்கு ரெண்டு மடங்கு நல்லதண்ணி ஊத்தி உப்பைக் கழுவி விடுங்க.

தேவி (7:04): கால்சியம் நைட்ரேட் மிச்சம் இருக்கே, அதையும் அதே பாட்டில்ல கலந்துரவா?

ஜெயந்தி டீச்சர் (7:06): கலக்காத! ஆல் 19ல பாஸ்பேட் இருக்கு. கால்சியமும் பாஸ்பேட்டும் சேந்தா சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா அடியில படியும். ரெண்டு சத்தும் போச்சு. ஆல் 19க்கு அடுத்த முறைல கால்சியம் நைட்ரேட் தனியா, அதுவும் அரை கிராம். எப்சம் உப்பையும் (மெக்னீசியம் சல்பேட்) கால்சியத்தோட ஒரே தாய்க்கரைசல்ல போடக்கூடாது, ஜிப்சம் ஆயிரும்.

மல்லிகா அக்கா (7:12): கடலைப்புண்ணாக்கு ஊற வச்ச தண்ணி, வாழைப்பழத் தோல் தண்ணி இதெல்லாம்?

சிவா அண்ணா நர்சரி (7:17): பெரிய செடிக்கு, மண்ணு தொட்டிக்கு ஊத்துங்கக்கா, வேண்டாம்னு சொல்லல. நாத்து பாக்ஸுக்கு ஆகாது. புளிக்கற பொருள் மேல இருந்தா சின்னக் கருப்பு ஈ முட்டை விடும், புழு வேரைத் தின்னும், அந்தக் காயத்துல மறுபடி அழுகல். ஈ தெரிஞ்சா மஞ்சள் ஒட்டும் அட்டை ஒண்ணு நட்டு வைங்க, மேல் மண்ணைக் காய விடுங்க.

மல்லிகா அக்கா (7:19): சரி. பஞ்சகவ்யாவை என் ரோஜாவுக்கே வச்சுக்கறேன்.

19 ஏப்ரல்

தேவி (18:05): இலை நுனி பழுப்பா காயுது. மண்ணு மேல, பாக்ஸ் ஓரத்துல வெள்ளையா பொடி. உரம் ரெண்டு தடவைதான் கொடுத்தேன், சொன்ன அளவுதான்.

ஜெயந்தி டீச்சர் (18:08): என்ன தண்ணி?

தேவி (18:09): நல்லதண்ணி ரெண்டு வாரமா வரலை. ஆர்ஓ மெஷின்ல வெளிய போற தண்ணியை வீணாக்க வேண்டாம்னு பக்கெட்ல பிடிச்சு ஊத்தறேன்.

ஜெயந்தி டீச்சர் (18:13): அதான் கோளாறு. போர் தண்ணில இருக்கற உப்பை மெஷின் பிரிச்சு அந்தக் குழாய்லதான் தள்ளுது. போர் தண்ணியை விட அது மோசம். வாசல் கழுவு, செடிக்கு வேண்டாம். மெஷின்ல குடிக்க வர்ற தண்ணியை எடுத்து ரெண்டு பாக்ஸையும் நல்லா ஒழுக ஒழுகக் கழுவு. அடுத்த ரெண்டு முறை உரம் கிடையாது.

சிவா அண்ணா நர்சரி (18:20): நுனி காயறதைப் பாத்துட்டு சத்து பத்தலைன்னு நெனச்சு கூடக் கொஞ்சம் போடறவங்கதான் அதிகம். பழைய இலை மொத்தமா வெளுத்து மஞ்சளானா தழைச்சத்து பத்தலை. நுனியும் ஓரமும் கருகுனா உப்பு. இலையில புள்ளி புள்ளியா வெளுத்து, அடில நூலாம்படை மாதிரி இருந்தா செஞ்சிலந்தி, ரெண்டும் கிடையாது. இந்தக் காய்ஞ்ச வெயில்ல அதுவும் வரும், இலை அடில தண்ணியைப் பீச்சி அடிச்சுக் கழுவுங்க.

தேவி (18:24): புது இலை நல்லா பச்சையா இருக்கு. நுனி மட்டும்தான்.

சிவா அண்ணா நர்சரி (18:25): அப்ப வேர் இன்னும் தப்பிச்சுருக்கு. கருகுன நுனி பச்சையாகாது, அதைப் பாத்துட்டு இருக்காதீங்க. அடுத்து வர்ற இலையைப் பாருங்க.

11 மே

தேவி (6:15): அடி கோலிக்குண்டு சைஸ் வந்துருச்சு. தனித்தனியா மாத்தலாமா, கத்திரி வெயில் முடியட்டுமா?

சிவா அண்ணா நர்சரி (6:22): வலைக்குக் கீழ வைக்கறதா இருந்தா இப்பவே மாத்துங்க. சூடு இருக்கறப்பதான் வேர் சீக்கிரம் பிடிக்கும். ஆடிக்காத்து, சாரல் ஆரம்பிக்கறதுக்குள்ள பிடிச்சுரணும். 3 அங்குலத் தொட்டி போதும், பெருசு வச்சா வேர் எட்டாத எடத்துல ஈரம் தேங்கும். கலவைல மண்புழு உரம் ஒரு டம்ளர் ஆக்கிக்கலாம், கூட வேப்பம்புண்ணாக்குத் தூள் தொட்டிக்கு அரை டீஸ்பூன். டிஏபி உர உருண்டை போட்டுராதீங்க, சின்னத் தொட்டில ஒரு உருண்டையே வேரைச் சுட்டுரும்.

ஜெயந்தி டீச்சர் (6:28): மாத்தற அன்னைக்கு கலவை லேசா ஈரமா இருந்தா போதும். வேர் அறுந்து பால் வந்தா நிழல்ல ரெண்டு நாள் போட்டுக் காய விட்டு நடு. நட்டு 4 நாள் தண்ணி வேண்டாம், காயம் ஆறணும். உரம் 3 வாரம் கழிச்சு, அப்ப லிட்டருக்கு 1 கிராம் போகலாம். நவம்பர் கடைசில இலை கொட்ட ஆரம்பிச்சா உரத்தை நிறுத்திரு, பிப்ரவரில துளிர் பாத்து ஆரம்பி. தூங்கற செடிக்கு ஊட்டக்கூடாது. அப்புறம் அந்தப் பால் அரளிப்பால் மாதிரியே விஷம், ஒரே குடும்பம். கையை சோப்புப் போட்டுக் கழுவு, குழந்தைங்க கைல கொடுக்காத.

மல்லிகா அக்கா (6:33): அரளின்னதும் ஞாபகம் வருது. பச்சையா, விரல் தடிமன்ல, தலைப்பக்கம் நீலக்கண்ணு வச்ச புழு வரும். ஒரே ராத்திரில ஒரு தொட்டியை மொட்டை அடிச்சுரும். மருந்தெல்லாம் வேண்டாம், கைல எடுத்துப் போட்டா போதும். கீழ கருப்பு உருண்டையா எச்சம் கெடந்தா மேல புழு இருக்குன்னு அர்த்தம்.

தேவி (6:36): கிழங்கை இப்பவே கொஞ்சம் மேல தூக்கி நடலாமா? படத்துல எல்லாம் குண்டா வெளிய தெரியுதே.

சிவா அண்ணா நர்சரி (6:41): இப்ப தூக்குனா தோல் வெயில்ல வெந்துரும், சுருங்கியும் போகும். இருந்த மட்டத்துலயே நடுங்க. அடுத்த வருஷம் மாத்தறப்ப ஒரு செ.மீ., அதுக்கடுத்து ஒரு செ.மீ. வெளிய வந்த பகுதி ரொம்பப் பெருக்காது, மண்ணுக்குள்ள இருக்கறதுதான் பெருக்கும்.

தேவி (6:43): சரிங்ணா. தொட்டி 26 வேணும், உங்ககிட்ட இருக்கா?

சிவா அண்ணா நர்சரி (6:44): கருப்பு பிளாஸ்டிக் இருக்கு. வெள்ளைல 12தான் இருக்கு. மாடில வைக்கறதுன்னா வெள்ளை எடுத்துக்கங்க, மீதியைக் கருப்புல வச்சு வலையோட நடுவுல தள்ளி வைங்க.

மல்லிகா அக்கா (6:50): தேவி, நாளைக்கு சிறுவாணித் தண்ணி விடறாங்களாம். ரெண்டு குடம் சேத்துப் பிடிச்சு வை.