பாதுகாப்புச் செலவுக் கணக்கை எங்கள் எம்.பி.மார் வரிவரியாகக் கேட்க வேண்டுமா?

கட்டுவன்:
இலங்கைப் பாராளுமன்றத்தின் வரவுசெலவுத்திட்டக் குழுநிலை விவாதத்தில் பாதுகாப்பு அமைச்சுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே நாள். அன்றைக்கு வடக்கு எம்.பி.மார் எழும்பி, கிடைத்த பத்து நிமிடத்தில் காணி, காம்ப், சோதனைச்சாவடி என்று பேசிவிட்டு இருந்துவிடுகிறார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வரும். நிதி ஒதுக்கீடு எந்தச் சேதமும் இல்லாமல் நிறைவேறிவிடும்.

2025இல் பாதுகாப்பு அமைச்சுக்கு ஒதுக்கியது 442 பில்லியன் ரூபாய். அதில் 382 பில்லியன் மீண்டெழும் செலவு, 60 பில்லியன்தான் மூலதனச் செலவு. நூறு ரூபாயில் எண்பத்தாறு ரூபாய் சம்பளம், சாப்பாடு, உடுப்பு, எரிபொருள், பராமரிப்பு என்று போகிறது. போர் முடிந்தது 2009இல். இவ்வளவு பேர் ஏன், எங்கே, எந்தக் காணியில், எந்தக் கட்டடத்தில் இருக்கிறார்கள் என்று அரசாங்கக் கணக்குக் குழுவிலும் (கோபா) துறைசார் மேற்பார்வைக் குழுவிலும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கேட்கவேண்டும் என்பது என் கருத்து. மறுக்கிறவர்கள் காரணத்தோடு மறுங்கள்.

ஊரெழுவான்:
தம்பி, குழு அறையில் என்ன கிடைக்கும் என்று நினைக்கிறீர்? போன பாராளுமன்றத்தில் தேசிய பாதுகாப்பு பற்றிய துறைசார் மேற்பார்வைக் குழுவின் தலைவர் சரத் வீரசேகர, முன்னாள் கடற்படை ரியர் அட்மிரல். கேட்கிறவரும் பதில் சொல்கிறவரும் ஒரே வீட்டுக்காரர்.

மிக் விமானக் கதையைப் பாரும். 2006இல் உக்ரைனில் இருந்து நாலு மிக்-27 வாங்கினார்கள். விலையும் பணம் போன வழியும் பற்றிய கேள்விகளை வெளியே கொண்டுவந்தது பத்திரிகைகள்தான். அதை வெளியிட்ட சண்டே லீடரின் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரியில் நடுவீதியில் கொல்லப்பட்டார். பொலிஸ் நிதிக்குற்ற விசாரணை தொடங்க 2015 ஆட்சிமாற்றம் வரை பொறுக்க வேண்டியிருந்தது. கொழும்புப் பத்திரிகை ஆசிரியருக்கே அந்தக் கதி என்றால் எங்கள் எம்.பி.மார் கேட்டு என்ன நடக்கும்?

யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் 2013இல் 6,381 ஏக்கரை இராணுவத்துக்காகச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். எங்கள் அளவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பரப்பு. காணிக்காரர் ரெண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார்கள். வீதியில் இருந்து போராடினார்கள். 2015இல் ஆட்சி மாறியபிறகு விடுவிப்பு வேகமெடுத்தது, 2017இல் மயிலிட்டித் துறைமுகம் கிடைத்தது. இதில் எந்தக் குழு அறிக்கைக்குப் பங்கு இருக்கிறது?

மருதனார்மடம்:
நான் வேறு காரணத்துக்காக எதிர்க்கிறேன். ஆளணி குறைப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. 2023 ஜனவரியில் அறிவித்தார்கள்: இராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 200,783. அதை 2024க்குள் 135,000 ஆகவும் 2030க்குள் ஒரு லட்சமாகவும் குறைப்பார்களாம். நாடு வங்குரோத்தான பிறகு காசு இல்லாமல் எடுத்த முடிவு அது. அதைச் சிங்கள அரசியல்வாதியே சொல்லும்போது தெற்கில் பெரிய எதிர்ப்பு வரவில்லை. அதையே தமிழ் எம்.பி. ஒருவர் குழுவில் இருந்து தலை எண்ணத் தொடங்கினால், அடுத்த நாளே "புலி கேட்கிறது" என்று எழுதுவார்கள். பேசாமல் ஒத்துழைக்கக்கூடிய தெற்கு உறுப்பினரும் பின்வாங்கிவிடுவார். ராடார் எங்கே, படகு எத்தனை என்பதை எந்த நாடும் சந்தையில் வைத்துப் பேசுவதில்லை என்பதையும் யோசியுங்கள்.

கட்டுவன்:
ராடார் பற்றி யாரும் கேட்கவில்லை அண்ணை. 200,783 என்பது அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் சம்பளப் பட்டியலில் எத்தனை பேர் இருந்தார்கள்? படையை விட்டுத் தப்பியோடியவர்களைப் பொதுமன்னிப்புக் கொடுத்து சட்டப்படி விலக்கினால் பட்டியல் குறையும், காம்ப் குறையாது. அறிவிப்பை நம்பி இருப்பதற்கும் கணக்கைப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு 2019இல் பிரதிச் சபாநாயகர் ஆனந்த குமாரசிறி தலைமையில் இருந்த பாராளுமன்றத் தெரிவுக்குழு ஊடகங்களுக்கு முன்னால் விசாரித்தது. பாதுகாப்புச் செயலாளராக இருந்தவரே வந்து பதில் சொன்னார். நாட்டின் பாதுகாப்பு அதனால் ஒன்றும் குலையவில்லை.

ஊரெழுவான்:
அந்தக் குழு நடந்தது ஜனாதிபதியும் பிரதமரும் அடிபட்டுக்கொண்டு நின்ற காலத்தில். ஜனாதிபதி மைத்திரி அதை விரும்பவில்லை, பிரதமர் ரணில் தரப்பு விரும்பியது. எங்களுக்காக அப்படி ஒரு வாய்ப்பை யாரும் செய்து தரப்போவதில்லை.

செம்மண்:
எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டு இருந்தேன். நான் கணக்காய்வு வேலை செய்து ஓய்வுபெற்றவள். ஊரெழு அண்ணை கொள்வனவு ஊழலையும், மருதனார்மடம் தம்பி ஆட்தொகையையும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ரெண்டு பேருமே காணியும் கட்டடமும் கணக்கில் எப்படி நிற்கின்றன என்று பார்க்கவில்லை.

தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் வரவுசெலவுத்திட்டத்தில் தனித்தனிச் செலவுத் தலைப்பு இலக்கங்கள்: 222, 223, 224. அமைச்சு 103. கணக்கு என்று வந்தால் தரைப்படையும் ஒரு திணைக்களம். தளபதி கணக்கீட்டு உத்தியோகத்தர், பாதுகாப்புச் செயலாளர் பிரதம கணக்கீட்டு உத்தியோகத்தர். அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரைப்படி கணக்காய்வாளர் நாயகம் அவர்களுடைய கணக்கையும் பார்க்கிறார். 2018இன் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் வந்தபிறகு, நட்டத்துக்குப் பொறுப்பானவரிடம் பணத்தை அறவிடவும் இடம் இருக்கிறது. அறிக்கை பாராளுமன்றத்துக்குப் போகும், கோபா அதை வைத்துத்தான் கேட்கும்.

கணக்காய்வு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் குழுவின் அருமை விளங்கும். ஒரு வாகனத்தின் ரன்னிங் சார்ட்டை (ஓட்டப் பதிவை) எடுப்போம். மீற்றர் வாசிப்பு ஒரு நிரலில், எரிபொருள் ஓடர் இன்னொரு நிரலில். ஓடிய தூரத்துக்கும் அடித்த டீசலுக்கும் பொருத்தம் இல்லை என்றால் வினா எழுதுவோம். அதற்கு எழுத்தில் பதில் வரவேண்டும். மேடையில் எவ்வளவு உரத்துப் பேசினாலும் அந்தப் பதில் வராது. உத்தியோகத்தர் கையெழுத்துப் போட்டுப் பதில் அனுப்பினால் அது அடுத்த வருடமும் அவரைத் துரத்தும்.

இப்போது காணிக்கு வாருங்கள். சுவீகரித்து முடிக்காத தனியார் காணி ஒன்றில் காம்ப் இருக்கிறது. காணி உறுதி எங்கள் பெரியம்மாவின் பெயரில், ஐந்து பரப்பு. அது திணைக்களத்தின் சொத்து இல்லை. ஆகவே சொத்துப் பதிவேட்டில் காட்ட ஏலாது. வாடகை கொடுத்தால் வாடகைச் செலவில் தெரியவேண்டும். அதற்குள் பொதுப்பணத்தில் சுவர் எழுப்பி, ஓடு போட்டு, தண்ணீர்த்தாங்கி கட்டினார்கள் என்றால், பிறத்தியார் காணியில் அரச காசைப் போட அனுமதி கொடுத்தவர் யார்? இது பாதுகாப்பு இரகசியம் கிடையாது. தமிழர் கேள்வி, சிங்களவர் கேள்வி என்றும் கிடையாது. எந்தக் கணக்காய்வாளரும் கேட்கவேண்டிய சாதாரணக் கேள்வி.

காங்கேசன்துறையில் தரைப்படை நடத்தும் தல்செவன விடுதியும் அப்படித்தான். அறை வாடகை வருமானம் திறைசேரிக்குப் போகிறதா, நலன்புரி நிதிக்குப் போகிறதா, அங்கே வேலை செய்கிறவரின் சம்பளம் 222இல் இருந்து போகிறதா என்று கேட்கலாம்.

ஈஸ்ட்ஹாம்:
செம்மண் அக்காவை ஆதரிக்கிறேன், ஆனால் அளவுக்கு மீறி நம்பாதீர்கள். இங்கே பிரிட்டனில் 1996இல் பாதுகாப்பு அமைச்சு படையினர் குடும்ப வீடுகள் 57,400ஐ 1.66 பில்லியன் பவுணுக்கு ஒரு நிறுவனத்துக்கு விற்றது. பிறகு அதே வீடுகளை வாடகைக்கு எடுத்தது. தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2018இல் கணக்குப் பார்த்து, நாட்டுக்குப் பில்லியன் கணக்கில் நட்டம் என்றது. 36,000க்கு மேற்பட்ட வீடுகளை 2025 ஜனவரியில் ஏறக்குறைய 6 பில்லியனுக்குத் திருப்பி வாங்கினார்கள். ஏஜாக்ஸ் கவசவாகனமும் அப்படித்தான். 589 வாகனத்துக்கு ஒப்பந்தம், 2021 வரை 3 பில்லியனுக்கு மேல் கொடுத்தும் கையில் வந்தது 26. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் பொதுக்கணக்குக் குழு 2022இல் கடுமையாக எழுதியது, ஆனால் காசு போய்விட்டது. குழு பெரும்பாலும் பிந்தித்தான் வரும்.

ஊரெழுவான்:
நான் சொல்லவந்ததையே லண்டன்காரர் எழுதிவிட்டார். அவர்களுக்கே இருபது வருடம் எடுத்திருக்கிறது. பெரியம்மாவுக்கு இருபது வருடம் இருக்கிறதா?

செம்மண்:
அவவுக்கு எண்பது தாண்டிவிட்டது அண்ணை. நீதிமன்றத்தையோ போராட்டத்தையோ விடச் சொல்லவில்லை. ஆனால் வழக்குப் போடுகிறபோது சட்டத்தரணியின் கையில் என்ன இருக்கிறது? உறுதியும் வரைபடமும்தான். அந்தக் காணிக்குள் எந்த வருடம் எந்தச் செலவுத் தலைப்பில் என்ன கட்டினார்கள் என்ற விபரம் எங்களிடம் இல்லை. தகவல் அறியும் சட்டத்தில் கேட்டால் தேசிய பாதுகாப்பு என்று 5ஆம் பிரிவைக் காட்டலாம். கணக்காய்வாளருக்கு அப்படிக் காட்டுவது அவ்வளவு சுலபமில்லை.

மருதனார்மடம்:
கட்டடச் செலவு, விடுதி வருமானம் என்று கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தெற்கிலும் வரி கட்டுகிறவனுக்கு அது கோபம் வரக்கூடிய விஷயம். ஆட்தொகையை முன்னுக்கு வைக்காதீர்கள் என்பதில் மாற்றமில்லை. மொனராகலையில் இருந்து வந்த பெடியன் எங்கள் கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குக் காசு அனுப்புகிறான். அவனுடைய வேலையைப் பறிக்க வருகிறார்கள் என்று தோன்றினால் எல்லாம் கெட்டுவிடும்.

கட்டுவன்:
ஆட்தொகையை விட்டால் அந்த 382 பில்லியனை விட்டதாகிவிடும். அதில் நான் இறங்கிவர ஏலாது. மற்றப்படி காணியில் இருந்து தொடங்கலாம். நவம்பரில் குழுநிலை விவாதம் வருவதற்கு முன் எங்கள் எம்.பி.மாருக்கு எழுத்தில் கொடுப்போம்.

ஊரெழுவான்:
கொடுங்கள், நான் மறிக்கமாட்டேன். ஆனால் "வடக்கில் எத்தனை ஏக்கர்" என்று பொதுவாகக் கேட்டால் அவர்கள் ஒரு மொத்தத் தொகையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கிராமசேவகர் பிரிவு வாரியாகக் கேளுங்கள். அரச காணி எவ்வளவு, தனியார் காணி எவ்வளவு, சுவீகரித்தது எவ்வளவு, வாடகை கொடுப்பது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். விடுவித்ததாகச் சொல்லும் காணிக்குப் போக வழி இருக்கிறதா என்பதையும் சேர்க்கவேண்டும். பலாலி வீதியை 2025 ஏப்ரலில் திறந்தபோது காலை 6 முதல் மாலை 5 வரைதான் போகலாம், இடையில் நிறுத்தக்கூடாது என்று பலகை வைத்தார்கள். அதையும் "விடுவித்தது" என்ற கணக்கில்தான் சேர்க்கிறார்களா என்று எழுதுங்கள்.