மறுமொழி: ‘பெடரேஷன்’ என்பதற்குத் தமிழ் – அயலிணைவு?

எல்லோருக்கும் வணக்கம்.

வேறு வேறு ஆட்கள் நடத்தும் வழங்கிகள் (சேவையகக் கணினிகள்) ஒரு பொது நெறிமுறையால் இணைந்து இயங்குவதை ஆங்கிலத்தில் ‘பெடரேஷன்’ என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று தங்கச்சி தொடங்கிய இந்த இழையில் இதுவரை சமஷ்டி, கூட்டாட்சி, கூட்டமைப்பு, பன்முகப்படுத்தல், கூட்டிணைவு என்று ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. என் பங்குக்கு ஒன்றை முன்வைக்கிறேன். அதற்கு முன், இந்தச் சொல் இப்போது ஏன் அவசரமாகத் தேவைப்படுகிறது என்பதைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

மாநாட்டுக்கு வந்த மாணவர்கள் வவுனியா, மட்டக்களப்பு, அட்டன் என்று அவரவர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். கட்டற்ற பண்பாட்டில் (படைப்புகளை எவரும் பகிரவும் பயன்படுத்தவும் விடும் போக்கில்) ஆர்வமுள்ள இவ்வளவு பேர் ஒரே இடத்தில் கூடியது பெரிய விஷயம், அந்தத் தொடர்பு அறுந்துபோகக் கூடாது. பெடரேஷன் முறையில் இயங்கும் மாஸ்டடன் சமூக வலைத்தளத்திலோ மேட்ரிக்ஸ் அரட்டை வலையிலோ கணக்குத் திறப்போம் என்றால், “கைபேசியில் குழு இருக்குத்தானே, பிறகென்ன?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் குழுவில் நடந்ததைப் பாருங்கள். ஒரு மாணவி சங்கிலியன் தோப்பு வளைவை வடிவாகப் படம் எடுத்துப் போட்டார். படம் சுருங்கிவிட்டது, எடுத்த திகதி, கமரா விவரம் எல்லாம் கழன்றுபோயின. கட்டற்ற படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுவதற்கு மூலக்கோப்பை அவரிடம் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. அதற்குள் படம் வேறு மூன்று குழுக்களுக்குப் போய்விட்டது, எடுத்தவர் பெயரும் இல்லை, உரிமமும் இல்லை.

ஒரே நிறுவனத்தின் கையில் எல்லாவற்றையும் வைத்திருப்பதன் விளைவு நமக்குப் புதிதல்ல. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற மடற்குழுக்கள் இயங்கிய யாகூ குழுமச் சேவை 2020 டிசெம்பரில் மூடப்பட்டது. இலங்கையில் 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. சில பெரிய தளங்களைத் தடுத்தாலே போதும், நாடே பேச்சிழந்துவிடுகிறது.

சரி, மாற்று வழியை விளங்கப்படுத்தப் போனால் ‘பெடரேஷன்’ என்ற இடத்தில் நாக்குத் தடக்குகிறது. பொருள் ஒன்றும் கடினமில்லை. பல்கலைக்கழக முகவரியிலிருந்து ஜிமெயில் முகவரிக்கு மடல் போகிறது. இரண்டு வழங்கிகளும் வேறு வேறு ஆட்களுடையவை, நெறிமுறை மட்டும் பொது. 1982 இல் வகுத்த எஸ்எம்டிபி நெறிமுறை மின்னஞ்சலுக்குச் செய்ததைத்தான், 2018 ஜனவரியில் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரைத்த ஆக்டிவிட்டிபப் நெறிமுறை சமூக வலைத்தளங்களுக்குச் செய்கிறது.

இனி சொற்கள். சமஷ்டி என்று யாழ்ப்பாணத்தில் வாயெடுத்தால் 1949 இல் தந்தை செல்வா தொடங்கிய தமிழரசுக் கட்சிதான் நினைவுக்கு வரும். தலைமுறைகளின் அரசியல் கோரிக்கையைச் சுமக்கும் சொல் அது. அதை ஒரு மென்பொருள் ஏற்பாட்டுக்கு எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பொருளும் பொருந்தாது. சமஷ்டியில் நடுவண் அரசு ஒன்று உண்டு, அதிகாரத்தை அரசியலமைப்பு பங்கிடும். நாம் பேசும் வலையில் நடுவே எவரும் இல்லை. கூட்டாட்சிக்கும் இதே தடை; இங்கே ஆட்சியே கிடையாது. கூட்டமைப்பு என்றால் 2001 இல் உருவான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பையே எல்லோரும் நினைப்பார்கள். பன்முகப்படுத்தல், பாராளுமன்ற உறுப்பினர்கள் ஒதுக்கிவந்த ‘பன்முகப்படுத்தப்பட்ட நிதி’யால் நமக்குப் பழகிய சொல். மேலிருந்து கீழே பங்கிட்டு வருவது அது. சென்னை நண்பர் சொன்ன கூட்டிணைவு காதுக்கு இனிமைதான், ஆனால் இங்கே கம்பனி பதிவதைத்தான் கூட்டிணைத்தல் என்கிறோம்.

என் முன்மொழிவு: அயலிணைவு.

யாழ்ப்பாணத்து வளவுகளை (வீட்டு மனைகளை) எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வேலி, தனிப் படலை (வாசற்கதவு). ஆனால் பக்கத்து வளவுக்குப் போய்வர வேலியில் ஒரு பொட்டு (சிறு திறப்பு) இருக்கும். இரண்டு வீட்டாரும் விரும்பும்வரை அது திறந்திருக்கும், மனம் கோணினால் ஓலை வைத்து அடைத்துவிடலாம். வழங்கிகளும் இப்படித்தான் ஒன்றோடொன்று உறவு வைத்துக்கொள்கின்றன. தன் வளவுக்குள் என்ன நடக்கலாம் என்பதை அந்த அந்த வழங்கி நடத்துபவர் தீர்மானிக்கிறார்.

‘அயல்’ என்றால் தமிழ்நாட்டில் வெளிநாடு என்றல்லவா விளங்கும், அயலுறவு, அயல்நாடு என்றுதானே எழுதுகிறார்கள் என்று அதே நண்பர் கேட்கக்கூடும். பக்கம் என்பது அந்தச் சொல்லின் பழைய பொருள்தான். எங்கள் ஊரில் அயலட்டை (அக்கம்பக்கம்) என்று நாளாந்தம் புழங்குகிறோம். ‘பிறருடையது’ என்ற சாயல் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் நல்லதே, அடுத்த வழங்கி உண்மையில் பிறருடையதுதான்.

கலைச்சொல் வினையாகவும் அடையாகவும் வளைந்துகொடுக்க வேண்டும். “என் கணக்கு யாழ்ப்பாண வழங்கியில் இருக்கிறது. அது மட்டக்களப்பு வழங்கியோடு அயலிணைந்திருப்பதால் உங்கள் பதிவு எனக்கு வருகிறது.” வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன், இடறவில்லை. அயலிணைந்த வழங்கி, அயல்வழங்கி என்று அடையாகவும் வருகிறது. இந்த வழங்கிகள் எல்லாம் சேர்ந்த முழுப் பரப்பை ‘பெடிவெர்ஸ்’ என்கிறார்கள். அதற்கு அயல்வெளி என்று வைக்கலாம்.

மறுப்பு இருந்தால் வருகிற ஞாயிறுக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் விக்சனரி என்ற இணைய அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு ஏற்றிவிட்டு, மாணவர்களுக்கான கைநூலிலும் சேர்த்துவிடுவேன்.

ஒரு வழங்கி இன்னொன்றோடு உள்ள இணைப்பை அறுத்துக்கொள்வதற்கு மட்டும் எனக்கு நிறைவான சொல் அமையவில்லை. ‘பொட்டடைத்தல்’ என்றால் எங்கள் ஊரில் உடனே பிடிபடும். அட்டனிலும் மட்டக்களப்பிலும் அது விளங்குமா, அல்லது ‘அயல்முறித்தல்’ என்று போகலாமா? அங்குள்ளவர்கள் சொல்லுங்கள்.